மாலிப்டினம் மாடு

சென்ற ஆண்டு அத்தைக்கு எலும்பு ஸ்கேன் எடுக்க நாள் கொடுத்தார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. முதுகுவலி விடாமல் இருக்கவே, எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். கடிதத்தில் 'நியூக்ளியர் மெடிசின்' என்று போட்டிருந்தது. பஃபலோ ரோடு வீவக வீட்டிலிருந்து அத்தை எனக்குப் போன் செய்தார்.

"நியூக்ளியர்னா அணுகுண்டு தானடா? அதை எதுக்கு எனக்குள்ள விடறாங்க?"

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். சென்சார்களில் இருந்து வரும் சிக்னலைச் சுத்தம் செய்வதுதான் என் வேலை. அப்படியும் அந்தக் கேள்விக்கு என்னிடம் அரைகுறைப் பதில்தான் இருந்தது. "குண்டெல்லாம் இல்ல அத்தை, துளியூண்டு மருந்துதான்" என்று சமாளித்தேன்.

அன்று காலை ஊசி போட்டார்கள். மூன்று மணி நேரம் கழித்து வரச் சொன்னார்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள், இன்றைக்கு மட்டும் கைக்குழந்தையைத் தூக்க வேண்டாம், கர்ப்பிணிப் பெண்கள் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார வேண்டாம் என்றார் தாதி. அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னடா, தீட்டு மாதிரி ஒதுக்கி வைக்கிறாங்க" என்றார்.

பிறகு ஸ்கேன். குறுகலான படுக்கை, அதன் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு தட்டையான பெட்டிகள். படுக்கை மெல்ல நகர்ந்தது. எம்ஆர்ஐ போல இடிச்சத்தம் இல்லை, எக்ஸ்ரே போலக் குழாய் இல்லை. இருபது நிமிடத்தில் முடிந்தது.

"போட்டோ எடுத்த மாதிரியே தெரியலியே. பளிச்சுனு ஒண்ணும் அடிக்கலியே?"

"வெளிச்சம் மெஷின்ல இருந்து வராது அத்தை. உங்ககிட்ட இருந்துதான் வருது."

இதைச் சொன்ன பிறகுதான், அது எப்படி வருகிறது என்று எனக்கே சரியாகத் தெரியாது என்பது உறைத்தது. முடிவு வர ஒரு வாரம் இருந்தது. அந்த ஒரு வாரமும் படித்தேன். கவலையைத் தள்ளிவைக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான். அத்தைக்குச் சொல்ல வேண்டிய மீதிப் பதில்தான் இந்தக் கட்டுரை.

மிச்சச் சோற்றில் ஒரு பொட்டு

முதலில், உடலுக்குள் எதையாவது அனுப்பி அதைப் பின்தொடரலாம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? ஹங்கேரியில் பிறந்த வேதியியலாளர் ஜார்ஜ் டி ஹெவெசியைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். 1911 வாக்கில் அவர் மான்செஸ்டரில் ஒரு அம்மாளின் விடுதியில் தங்கியிருந்தார். மிஞ்சிய கறியையே அந்த அம்மாள் மறுபடி சமைத்துப் போடுகிறார் என்று அவருக்குச் சந்தேகம். ஒருநாள் தட்டில் மிச்சம் வைத்த உணவில் துளி கதிரியக்கப் பொருளைக் கலந்துவிட்டார். சில நாள் கழித்துப் பரிமாறப்பட்ட உணவைக் கருவியில் காட்டினார். கருவி ஆமாம் என்றது.

கதையில் எவ்வளவு மெருகு ஏறியிருக்கிறதோ, ஆனால் கதையின் கரு அவர் வாழ்நாள் வேலை. ஒரு பொருளோடு அதே குணமுள்ள கதிரியக்க அணுக்களைக் கொஞ்சம் கலந்துவிட்டால், அந்தப் பொருள் எங்கே போகிறது என்று வெளியிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். 1935-ல் ஹெவெசி எலிகளுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸ் கொடுத்துப் பார்த்தார். அதுவரை எலும்பு என்பது வளர்ந்து முடிந்தபின் கட்டடம் போல அப்படியே நிற்பது என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள். பாஸ்பரஸ் எலும்புக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. எலும்பு ஓயாமல் தன்னை இடித்து இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கிறது. 1943-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

அத்தைக்குப் போட்ட ஊசிக்கு மூலம் இதுதான். அதில் இருந்தது பாஸ்பேட்டைப் போன்ற ஒரு மருந்து. எங்கெல்லாம் எலும்பு மும்முரமாகக் கட்டப்படுகிறதோ அங்கே போய் அது அதிகமாக ஒட்டிக்கொள்ளும். புற்று எலும்பை அரிக்கும்போது, சுற்றியுள்ள எலும்பு பதறிப்போய்த் தன்னைச் சரிசெய்யப் பார்க்கும். அந்தப் பதற்றம்தான் படத்தில் கரும்புள்ளியாகத் தெரியும். எக்ஸ்ரே எலும்பின் உருவத்தைக் காட்டுகிறது. இந்தப் படமோ எலும்பு என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

யாருக்கும் வேண்டாத தனிமம்

மருந்து போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது, தான் இருக்குமிடத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு அதன்மேல் கட்டிவிடும் விளக்கு டெக்னீசியம்-99எம்.

தனிம அட்டவணையில் 43-ஆம் இடம் நெடுநாள் காலியாகக் கிடந்தது. 1937-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரிலிருந்து எர்னஸ்ட் லாரன்ஸ், தன் சைக்ளோட்ரானில் அடிபட்டுத் தேய்ந்த மாலிப்டினத் தகடு ஒன்றை இத்தாலியின் பலெர்மோவில் இருந்த எமிலியோ செக்ரேவுக்குத் தபாலில் அனுப்பினார். செக்ரேவும் அவர் சகாவான கார்லோ பெரியரும் அந்தக் கழிவுத் தகட்டில் 43-ஆம் தனிமத்தைக் கண்டார்கள். மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம் அது. 'செயற்கையானது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து அதற்கு டெக்னீசியம் என்று பெயர் வைத்தார்கள்.

1938 கோடையில் செக்ரே பெர்க்லிக்குச் சென்றிருந்தபோது முசோலினி அரசு யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்களைக் கொண்டுவந்தது. யூதரான செக்ரேவால் ஊர் திரும்ப முடியவில்லை. அதே ஆண்டு அங்கே அவரும் கிளென் சீபோர்கும் டெக்னீசியத்தின் ஒரு வகையைக் கண்டுபிடித்தார்கள். 6 மணி நேரத்தில் பாதியாகக் குறையும், 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் காமாக் கதிரை உமிழும் வகை. அதை வைத்து என்ன செய்வது என்று அப்போது யாருக்கும் தெரியாது. இருபது ஆண்டுகள் அப்படியே கிடந்தது.

ஏழு காதுகள்

அந்த இருபது ஆண்டுகளில் மருத்துவர்கள் கதிரியக்க அயோடினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். தைராய்டு அயோடினை இழுத்துக்கொள்ளும். ஆகவே நோயாளிக்கு அதைக் கொடுத்துவிட்டு, கழுத்தின்மேல் கைகர் கவுண்ட்டரைப் புள்ளி புள்ளியாக வைத்து, ஒவ்வொரு இடத்திலும் எத்தனை என்று எண்ணித் தாளில் குறிப்பார்கள். 1950-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் பெனடிக்ட் காசென் இந்த வேலைக்கு ஒரு மோட்டாரைப் பூட்டினார். கண்டறியும் கருவி இடமிருந்து வலம் போய், ஒரு வரி இறங்கி, மறுபடி ஊர்ந்து படத்தை அச்சடித்தது. பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் மாதிரி. படம் முடிய நெடுநேரம் ஆகும். அதற்குள் உடலில் நடப்பது மாறியிருக்கும். ஓடும் ரத்தத்தை இதில் பிடிக்கவே முடியாது.

எல்லாப் புள்ளிகளையும் ஒரே நேரத்தில் பார்க்க ஒரு வழி வேண்டும். சாதாரண கேமராவில் லென்ஸ் இருக்கிறது. காமாக் கதிரை வளைக்கும் லென்ஸ் கிடையாது. இந்த முடிச்சை அவிழ்த்தவர் பெர்க்லியின் டானர் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஹால் ஆங்கர். அவரிடம் முனைவர் பட்டம் இல்லை. 1943-ல் அங்கேயே வாங்கிய எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் இளநிலைப் பட்டம் மட்டும்தான். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பட்டம் வாங்கிய எனக்கு இந்த விவரத்தைப் படித்தபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத் தோன்றியது.

1957-ல் ஆங்கர் செய்த கருவியின் உள்ளே 4 அங்குல அகலத்தில் ஒரு சோடியம் அயோடைடு படிகம். தாலியம் துளி கலந்த இந்தப் படிகத்தில் காமாக் கதிர் ஒன்று மோதினால் நீலமாக ஒரு மினுக்கம் தோன்றும். படிகத்தின் முதுகில் 7 ஒளிப்பெருக்கிக் குழாய்களை ஒட்டினார். ஒவ்வொரு குழாயும் தன்மேல் விழும் மங்கலான ஒளியை மின்துடிப்பாக்கிப் பல லட்சம் மடங்கு பெருக்கும்.

அவர் செய்த தந்திரத்தை விளக்க வீவக வீட்டை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. நடுராத்திரியில் மேல்மாடியில் யாரோ கோலிக்குண்டை உருட்டுகிற சத்தம் சிங்கப்பூரில் கேட்காதவர் யார்? கோலி விழுந்த இடத்துக்கு நேர்கீழே இருப்பவருக்குச் சத்தம் பலமாகக் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் குறைவாக, அதற்கடுத்தவருக்கு இன்னும் குறைவாக. ஏழு வீட்டுக்காரர்களும் தங்களுக்குக் கேட்ட அளவைச் சொன்னால், அந்த விகிதத்தை வைத்துக் கோலி எங்கே விழுந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். இரண்டு வீட்டுக்கு நடுவே விழுந்திருந்தால்கூடச் சொல்லிவிடலாம். ஏழு பேர் சேர்ந்து ஏழு இடங்களை அல்ல, நூற்றுக்கணக்கான இடங்களைப் பிரித்துச் சொல்ல முடிகிறது. ஆங்கர் இதைச் சில மின்தடைகளும் மின்தேக்கிகளும் கொண்ட சுற்றால் செய்தார். கணினி இல்லை. கணக்கின் விடை ஆசிலாஸ்கோப் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளியாக மின்னி மறையும். எதிரே ஒரு போலராய்டு கேமரா திறந்தபடி காத்திருக்கும். புள்ளிகள் சேரச் சேரப் படம்.

ஏழு பேர் சொன்ன அளவையும் கூட்டினால் இன்னொரு விஷயமும் தெரியும். மொத்தச் சத்தமே குறைவாக இருந்தால், கோலி மேல்மாடியில் விழவில்லை, அதற்கும் மேலே எங்கோ விழுந்திருக்கிறது என்று தள்ளிவிடலாம். கருவியும் இதையே செய்கிறது. உடலுக்குள்ளேயே எதிலாவது மோதித் திசைமாறி வரும் கதிர் ஆற்றலை இழந்திருக்கும். 140-க்கு அருகில் இருந்தால் புள்ளி வைக்கும், ரொம்பக் குறைந்திருந்தால் கணக்கில் சேர்க்காது. அது பொய்ச்சாட்சி.

இதெல்லாம் மினுக்கம் படிகத்தில் எங்கே தோன்றியது என்பதைச் சொல்லும். கதிர் உடலின் எந்த இடத்திலிருந்து புறப்பட்டது என்பதைச் சொல்லாது. அதற்காகப் படிகத்தின் முன்னால் ஆயிரக்கணக்கான துளைகள் உள்ள ஈயத் தகடு ஒன்றை வைக்கிறார்கள். அதற்குக் கோலிமேட்டர் என்று பெயர். பபிள் டீ ஸ்ட்ராக்களை ஒரு கட்டாகக் கட்டி அதன் வழியே பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நேராக வரும் கதிர் மட்டும் உள்ளே போகும், சாய்வாக வருவதை ஈயம் விழுங்கும். புறப்படும் கதிர்களில் சுமார் பத்தாயிரத்தில் ஒன்றுதான் தப்பிப் படிகத்தை அடைகிறது.

என் வேலையில் சிக்னலை இப்படி வீணடித்தால் மேலாளர் சும்மா விடமாட்டார். இங்கே அந்த வீண்தான் படம். எல்லாவற்றையும் உள்ளே விட்டால் திரை முழுக்க ஒரே சாம்பல்தான் மிஞ்சும். எஞ்சிய கொஞ்சநஞ்சக் கதிர்களும் தனித்தனிப் புள்ளிகளாகத்தான் வருகின்றன. படம் தெளிவதற்குப் பல லட்சம் புள்ளிகள் வேண்டும். அத்தை இருபது நிமிடம் அசையாமல் படுத்திருந்தது அதற்காகத்தான்.

இரண்டு வேண்டாதவை சந்தித்தது

ஆங்கரின் கேமரா 1958-ல் வெளியுலகுக்குத் தெரிந்தது. உடனே யாரும் கொண்டாடவில்லை. அன்று புழக்கத்தில் இருந்த அயோடின்-131 உமிழும் கதிர் 364 கிலோ எலக்ட்ரான் வோல்ட். ஆங்கரின் மெல்லிய படிகத்தை அதில் பெரும்பங்கு ஊடுருவிப் போய்விடும். படிகத்தைத் தடிமனாக்கினால் மினுக்கம் பரவி இடக்கணக்கு குழம்பும். கேமராவுக்கு ஏற்ற விளக்கு இல்லை.

விளக்கு அமெரிக்காவின் மறுகரையில் தயாராகிக்கொண்டிருந்தது. நியூயார்க் அருகே புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வால்டர் டக்கரும் மார்கரெட் கிரீனும் வேறொரு பொருளைச் சுத்தம் செய்யும்போது, அதில் எதிர்பாராமல் கலந்து வந்த அசுத்தம் ஒன்றைத் துரத்திப் போனார்கள். அது டெக்னீசியம்-99எம். கூடவே வந்த மாலிப்டினம்-99 சிதைந்து அதை உண்டாக்கிக்கொண்டே இருந்தது. இதை வைத்து ஒரு சிறு கருவி செய்தார்கள். அலுமினா நிரப்பிய குழலில் மாலிப்டினம் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து உப்புநீரை விட்டால் டெக்னீசியம் மட்டும் கரைந்து இறங்கும், மாலிப்டினம் அங்கேயே நிற்கும். மறுநாள் அது மறுபடி டெக்னீசியத்தைச் சுரந்து வைத்திருக்கும்.

1958-ல் இதற்குக் காப்புரிமை எடுக்கலாமா என்று கேட்டபோது, செலவழிக்கும் அளவுக்கு டெக்னீசியத்துக்குச் சந்தை இருப்பதாகத் தெரியவில்லை என்று பதில் வந்தது. இன்று உலகின் அணு மருத்துவப் பரிசோதனைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இந்தத் தனிமத்தை நம்பியிருக்கிறது.

அவர்களின் சகா பவல் ரிச்சர்ட்ஸ் போகுமிடமெல்லாம் இதன் பெருமையைச் சொல்லிவந்தார். 1961-ல் சிகாகோவில் பால் ஹார்ப்பர் என்ற மருத்துவரின் குழு அந்த ஜெனரேட்டரை வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கியது. 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர், உடலை விட்டு வெளியே வரும் அளவுக்கு வலுவானது. ஆங்கரின் மெல்லிய படிகத்தில் நின்றுவிடும் அளவுக்கு மென்மையானது. 6 மணி நேர ஆயுள், படம் எடுக்கப் போதும், நோயாளியை வதைக்காது. ஒருவரை ஒருவர் மனதில் வைக்காமல் செய்யப்பட்ட பூட்டும் சாவியும் அவை. இன்று படிகம் பெரிதாகிவிட்டது, குழாய்கள் பத்துக்கணக்கில் பெருகிவிட்டன, கேமரா உடலைச் சுற்றிவந்து கணினியில் குறுக்குவெட்டுப் படம் தருகிறது. ஆனால் அத்தையின் மேலும் கீழும் இருந்த அந்தப் பெட்டிகளில் நடந்தது அடிப்படையில் 1957-ன் கணக்குதான்.

கப்பல் உதவாத சரக்கு

இந்த ஜெனரேட்டருக்கு ஆய்வகக்காரர்கள் வைத்த செல்லப்பெயர் 'மாடு'. காலையில் உப்புநீர் விட்டு டெக்னீசியத்தை எடுப்பதைக் 'கறப்பது' என்றே சொல்வார்கள். கறந்தபின் மடி மறுபடி நிரம்ப ஏறக்குறைய ஒருநாள் ஆகும். ஆகவே தினமும் காலையில் கறவை.

இதை அத்தையிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு அந்த வாரத்தின் முதல் சிரிப்பு. அவர் பிறந்த கேகே மருத்துவமனையின் முழுப்பெயர் கண்டாங் கெர்பாவ். மலாயில் எருமைக் கொட்டில். ரோச்சோர் ஆற்றோரப் புல்லையும் தண்ணீரையும் நம்பி இந்த வட்டாரத்தில் மாட்டு வியாபாரம் செழித்தது. கல்கத்தாவிலிருந்து வந்து மாடு விற்ற பெலிலியோஸின் பெயரில் இன்றும் தெரு இருக்கிறது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு எல்லாம் அந்த மிச்சம்தான். "சின்ன வயசுல பால்காரர் வாசல்லயே கறந்து ஊத்துவாரு" என்றார் அத்தை. "ஃப்ரிட்ஜ் ஏது? அன்னன்னிக்குப் பால் அன்னன்னிக்கே."

அவர் சொன்னதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் பலவீனமும். மாலிப்டினம்-99 66 மணி நேரத்தில் பாதியாகிவிடும். திங்கட்கிழமை வந்த மாடு வெள்ளிக்கிழமை மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டித்தான் தரும். அந்த மாலிப்டினத்தை உண்டாக்க அணு உலை வேண்டும். யுரேனியத் தகடுகளை உலைக்குள் சில நாள் வைத்து, எடுத்துக் கரைத்து, பிரித்தெடுக்க வேண்டும்.

சிங்கப்பூரில் அணு உலை கிடையாது. சர்வதேச அணுசக்தி முகமையில் 1967-லேயே சேர்ந்துவிட்டோம், கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கு 1973-லேயே சட்டம் போட்டோம். மலேசியாவில் பாங்கியிலும் இந்தோனேசியாவில் செர்போங்கிலும் ஆராய்ச்சி உலைகள் 1980-களிலேயே வந்துவிட்டன. அணுமின்சாரத்தை ஆராய்ந்த நம் அரசு, அன்றைய தொழில்நுட்பம் நெருக்கமான இந்தச் சிறிய தீவுக்குப் பொருந்தாது என்று 2012-ல் சொன்னது. அது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் பொருள், நம் மருத்துவமனைகளின் மாடுகள் எல்லாமே விமானத்தில் வந்தாக வேண்டும் என்பது. உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்று நம்முடையது. இந்தச் சரக்குக்கு அது உதவாது. இரண்டு வாரக் கடல் பயணத்தில் நூற்றுக்கு மூன்று பங்குதான் மிஞ்சும். இறக்குமதியாளர்கள் அரிசியைக் கையிருப்பு வைக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கும் ஊர் இது. தண்ணீரை நீர்த்தேக்கங்களில் பிடித்து வைத்திருக்கிறோம். டெக்னீசியத்தை எந்தக் கிடங்கிலும் வைக்க முடியாது.

உலகத்துக்கே மாலிப்டினம் தந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய கிழட்டு உலைகள். கனடாவின் சாக் ரிவர் உலை 1957-ல் இயங்கத் தொடங்கியது, ஹாலந்தின் பெட்டன் உலை 1961-ல். 2009 மே மாதம் சாக் ரிவரில் கனநீர் கசிந்தது. பதினைந்து மாதம் மூடிவிட்டார்கள். இடையில் 2010-ல் பெட்டனும் பழுதுபார்ப்புக்காகப் பல மாதம் நின்றது. உலகம் முழுவதும் ஸ்கேன்கள் தள்ளிப்போயின. யாருக்கு முதலில் என்று மருத்துவர்கள் வரிசை போட வேண்டியிருந்தது. 2020-ல் உலைகள் ஓடின, விமானங்கள் நின்றன. மறுபடியும் பல நாடுகளில் தட்டுப்பாடு. சாக் ரிவர் 2018-ல் நிரந்தரமாக மூடப்பட்டது. சிட்னி அருகே 2007-ல் தொடங்கிய ஓபல் உலை போன்ற புதியவை இப்போது பாரத்தைத் தாங்குகின்றன.

இந்தியா வேறு வழி பார்த்தது. 1956-ல் அப்சரா, 1960-ல் சைரஸ் என்று டிராம்பேயில் சொந்த உலைகள் வந்தன. 1961-ல் டெல்லியிலும் 1963-ல் மும்பையிலும் அணு மருத்துவ நிறுவனங்கள் தொடங்கின. யுரேனியத்தைப் பிளக்காமல், சாதாரண மாலிப்டினத்தை உலையில் வைத்துக் கதிரியக்கம் ஏற்றினார்கள். இப்படிக் கிடைப்பதில் வீரியம் குறைவு. ஆகவே அலுமினாக் குழலுக்குப் பதில் ஒரு கரைப்பானைக் கலக்கி டெக்னீசியத்தைப் பிரித்தார்கள். கைவேலை அதிகம், ஆனால் மாடு சொந்த மாடு.

முடிவு

ஒரு வாரம் கழித்து டாக்டர் திரையில் படத்தைக் காட்டினார். வெள்ளைப் பின்னணியில் சாம்பல் புள்ளிகளால் ஆன ஒரு எலும்புக்கூடு. முழங்கால் மூட்டுகளும் கீழ்முதுகும் சற்றுக் கறுப்பு, ஊசி குத்திய முழங்கையில் ஒரு சொட்டு. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். தேய்மானம்தான், பரவியதற்கான அடையாளம் இல்லை என்றார் டாக்டர். அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் கேட்டார். "அந்த மருந்து இன்னும் எனக்குள்ள இருக்காடா?"

"அன்னிக்கே பாதி சிறுநீர்ல போயிருக்கும். மிச்சம் மறுநாள் பதினாறுல ஒரு பங்கு, அதுக்கு மறுநாள் அதுலயும் பதினாறுல ஒரு பங்கு. இப்ப ஒண்ணுமே இல்ல."

"அப்ப மீனா குழந்தையைத் தூக்கலாம்ல?"

"அன்னிக்கு மறுநாளே தூக்கியிருக்கலாம் அத்தை."

"இதை அப்பவே சொல்றதுக்கென்ன?" என்று தலையில் தட்டினார். ஒரு வாரமாகக் குழந்தையைத் தொடாமலே இருந்திருக்கிறார். வரலாற்றையெல்லாம் படித்த நான், அவருக்குத் தேவையாக இருந்த அந்த ஒரு வரியைச் சொல்லியிருக்கவில்லை.